இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பறக்கும் நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் இரண்டு நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரம் உடனே வந்துவிடும். அந்த எண்ணில் பெரும்பாலும் தப்பு இருக்காது. அதை நேரமாக மாற்றும்போதுதான் கணக்கு கெடுகிறது. நிலையம் சிறியதாக இருந்தால், தூரமும் குறைவாக இருந்தால், இன்னும் மோசமாகக் கெடும். கீழே உள்ள பதில்களுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ‘அ’ நிலையம் 44°12′ வடக்கு, 6°30′ கிழக்கு. ‘ஆ’ நிலையம் 45°48′ வடக்கு, 9°00′ கிழக்கு. இரண்டுமே கணக்குக்காக வைத்துக்கொண்ட புள்ளிகள்.

இணையத்தில் காட்டும் தூரம் எந்தத் தூரம்?

பெருவட்டத் தூரம். பூமியை உருண்டையாகக் கொண்டு, அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. சாலைத் தூரமும் அல்ல, விமானம் உண்மையில் பறக்கும் தூரமும் அல்ல. நம் உதாரணத்தில் இது 265 கி.மீ.

ஒரே ஜோடி நிலையங்களுக்கு இரண்டு தளங்கள் வேறு வேறு எண்களைக் காட்டுகின்றனவே?

ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் கவலை வேண்டாம். ஒரு தளம் பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக எடுத்திருக்கும். இன்னொன்று துருவங்களில் சற்றே தட்டையான உருவமாக எடுத்திருக்கும் (நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ.). இதனால் வரும் பிசகு அதிகபட்சம் சுமார் அரை சதவீதம்.

எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘ஏரோட்ரோம் ரெஃபரன்ஸ் பாயிண்ட்’ என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட புள்ளி ஒன்று உண்டு. பொதுவாக ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். சில தளங்கள் அதை விட்டுவிட்டு ஊரின் மையத்தை எடுத்துக்கொள்ளும். நிலையம் ஊருக்கு 25 கி.மீ. வெளியே இருந்தால் அந்த 25-ம் தூரத்தில் கலந்துவிடும்.

வித்தியாசம் நூற்றுக்கணக்கில் இருந்தால் பெயர்க் குழப்பம். ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி இருக்கிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது; இரண்டிலும் விமான நிலையம் உண்டு. சான் ஹோசே என்ற பெயரும் இப்படித்தான். பெயரை நம்பாமல் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். டிக்கெட்டில் வருவது விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் மூன்றெழுத்துக் குறியீடு. பல சிறிய நிலையங்களுக்கு அது இருக்காது. அப்போது பைலட்டுகள் பயன்படுத்தும், ஐ.நா.வின் விமானத்துறை அமைப்பான ஐகாவோவின் நான்கெழுத்துக் குறியீட்டைத் தேட வேண்டும்.

கையாலேயே கணக்கிட முடியுமா?

500 கி.மீ.க்குள் என்றால் ஒரு கால்குலேட்டர் போதும்.

1. அட்சரேகை வித்தியாசம்: 45°48′ − 44°12′ = 1°36′, அதாவது 1.6 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 177.9 கி.மீ. இது வடக்கு-தெற்கு விலகல்.
2. தீர்க்கரேகை வித்தியாசம்: 9°00′ − 6°30′ = 2.5 பாகை. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும் என்பதால், சராசரி அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். சராசரி 45°, கொசைன் 0.7071. ஆக 2.5 × 111.2 × 0.7071 = 196.6 கி.மீ. இது கிழக்கு-மேற்கு விலகல்.
3. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: √(177.9² + 196.6²) = 265.1 கி.மீ.

உருண்டை மேல் தூரம் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரத்தில் முறையாகப் போட்டாலும் இதே 265.1 தான் வரும். துருவத்துக்கு அருகிலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கோ இந்தக் குறுக்குவழி உதவாது.

கணக்கில் வழக்கமாக எங்கே தவறுகிறார்கள்?

நிமிடத்தைத் தசமமாக எழுதிவிடுவதில். 45°48′ என்பது 45.48 அல்ல, 48-ஐ 60-ஆல் வகுத்து 45.80 என்று எழுத வேண்டும். இதில் ஒரு விஷமம் இருக்கிறது. நம் நான்கு எண்களையும் அப்படித் தவறாகவே (44.12, 6.30, 45.48, 9.00) போட்டுப் பாருங்கள். விடை 261 கி.மீ. வரும். சரியான விடைக்கு நான்கே கிலோமீட்டர்தான் குறைவு என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ‘ஆ’ நிலையம் தன் இடத்தை விட்டு 35 கி.மீ. தெற்கே நகர்ந்துவிட்டது. இரு முனைகளின் பிழைகளும் தற்செயலாக ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. அதனால் தூரம் சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்; இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் இட்டு, ஓடுபாதை மேல் விழுகிறதா என்று பாருங்கள்.

மேற்கு, தெற்கு என்றால் கழித்தல் குறி போட மறப்பது அடுத்தது. எக்செல்லில் போடுபவர்கள் பாகையை ரேடியனாக மாற்ற மறந்துவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கில் தூரம் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல்?

விமானத்துறையில் கடல் மைல்தான், அதாவது நாட்டிகல் மைல். அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் நீளம் என்று தொடங்கிய அளவு அது. 1929-இல் 1,852 மீட்டர் என்று உறுதி செய்தார்கள். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட். 265 கி.மீ. = 143 கடல் மைல். சாலை மைல் 1.609 கி.மீ., அதில் இதே தூரம் 165 மைல். சில தளங்கள் எந்த மைல் என்று சொல்லாமல் ‘மைல்’ என்று மட்டும் போட்டிருக்கும். கிலோமீட்டரையும் காட்டினால் வகுத்துப் பாருங்கள்: 1.85 வந்தால் கடல் மைல், 1.61 வந்தால் சாலை மைல்.

உயரே ஏறி இறங்குவதால் தூரம் கூடாதா?

கூடும், ஆனால் அற்பம். 83 கி.மீ. முன்னேறும்போது 5.2 கி.மீ. (17,000 அடி) ஏறினால், அந்தச் சரிவின் நீளம் 83.16 கி.மீ. நூற்றறுபது மீட்டர்தான் அதிகம். ஏற்றம் தின்பது நேரத்தைத்தான்.

விமானம் ஏன் நேர்கோட்டில் போவதில்லை?

வான்வழிகளும் வழிப்புள்ளிகளும் வரையறுக்கப்பட்டிருக்கும். ராணுவப் பகுதியைச் சுற்றிப் போக வேண்டும். மலை இருந்தால் பாதுகாப்பான உயரம் கிடைக்கும் வழியில்தான் போக முடியும். இவற்றைவிட முக்கியமானது ஓடுபாதையின் திசை. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். போக வேண்டிய ஊர் வடகிழக்கில் இருக்க, தென்மேற்கு நோக்கிக் கிளம்ப நேர்ந்தால் திரும்பி வரவே 5 முதல் 10 கி.மீ. வீணாகும். இறங்கும் முனையிலும் அப்படி அமைந்தால், ஓடுபாதையைத் தாண்டிப் போய்ச் சுற்றி வர 25, 30 கி.மீ. கூடும்.

நீண்ட பயணத்தில் இது கணக்கிலேயே வராது. 265 கி.மீ. பயணத்தில் பத்து சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆகவே இனி பறக்கும் தூரத்தை 290 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

265 கி.மீ. தூரம், ஏடிஆர் 72 என்ற டர்போபிராப் (டர்பைன் எஞ்சினால் சுழலியை ஓட்டும்) விமானத்தின் வேகம் மணிக்கு 510 கி.மீ. அப்படியானால் 31 நிமிடம்தானே? டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். 510 என்பது உயரத்தில் சமமாகப் பறக்கும்போது எட்டும் உச்ச வேகம். குறுகிய பயணத்தில் அந்த வேகத்தில் பறக்கும் நேரம் மிகக் கொஞ்சம். துண்டு துண்டாகப் பார்த்தால் விளங்கும்:

- ஏற்றம்: 17,000 அடிக்கு ஏற ஏறத்தாழ 14 நிமிடம். தரையை ஒப்பிட்டுச் சராசரி வேகம் மணிக்கு 355 கி.மீ. தான். இதில் 83 கி.மீ. போகும்.
- இறக்கம்: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது பைலட்டுகளின் வாய்ப்பாடு. 17,000 அடிக்கு 51 கடல் மைல், அதாவது 94 கி.மீ. மணிக்கு 440 கி.மீ. சராசரியில் 13 நிமிடம்.
- சமநிலைப் பறப்பு: மிச்சமிருப்பது 113 கி.மீ. தான். மணிக்கு 500 கி.மீ. வீதம் 14 நிமிடம்.
- கடைசி அணுகல்: சக்கரத்தை இறக்கி, இறக்கையின் ஃபிளாப்பை விரித்து, வேகத்தைக் குறைப்பதில் கூடுதலாக 4 நிமிடம்.

ஆக, காற்றில் 45 நிமிடம். கிளம்பும் இடத்தில் தரையில் ஊர்ந்து போக 6 நிமிடம், சேரும் இடத்தில் 4 நிமிடம். மொத்தம் 55. டிக்கெட்டில் அச்சிடுவது இந்த மொத்தத்தைத்தான். ‘பிளாக் டைம்’ என்பார்கள். சக்கரத்தடையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் நிறுத்தித் தடை போடும் நொடி வரை. அதற்கு மேல் ஐந்து நிமிடம் கையிருப்பாக வைத்து 1 மணி நேரம் என்று அறிவிக்கிறார்கள். அட்டவணை நேரத்துக்கு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் ‘சரியான நேரம்’ என்று கணக்கிடுவது துறையின் வழக்கம் என்பதால், கையிருப்பு வைப்பதில் நிறுவனங்களுக்குக் கசப்பே கிடையாது.

தூரக் கணிப்புத் தளத்தில் 50 நிமிடம் என்று வருகிறதே, அது சரிதானே?

பொருத்தம் தற்செயலானது. பல தளங்கள் மணிக்கு 800 கி.மீ. என்று ஜெட் வேகத்தில் வகுத்து, அதோடு 30 நிமிடத்தைக் கூட்டிவிடும். 265-க்கு 20 + 30 = 50. நம் 55-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இதே சூத்திரத்தை 600 கி.மீ.க்குப் போட்டால் 75 நிமிடம் சொல்லும். டர்போபிராப் விமானத்துக்கு உண்மையில் 95 நிமிடத்துக்கு மேல் ஆகும். எந்த விமானம் என்று கேட்காமலே நேரம் சொல்லும் தளத்தைச் சிறிய நிலையங்களுக்கு நம்ப வேண்டாம்.

அந்தத் தடத்தில் எந்த விமானம் ஓடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பதிவுப் பக்கத்தில் விமான வகை இருக்கும். இல்லாவிட்டால் ஓடுபாதை நீளமே பாதி விடை சொல்லிவிடும். கடல் மட்டத்தில், முழு எடையோடு, ஏடிஆர் 72-க்குச் சுமார் 1,300 மீட்டர் வேண்டும். வெயிலும் உயரமும் கூடினால் இன்னும் வேண்டும்; அல்லது ஆட்களையோ சுமையையோ குறைக்க வேண்டும். ஓடுபாதை 800 மீட்டர் என்றால் 19 இருக்கை ட்வின் ஆட்டர் அல்லது ஒற்றை எஞ்சின் கேரவன் போன்றவைதான் வரும். அவற்றின் வேகம் மணிக்கு 300 கி.மீ. சுமார். அப்போது 290 கி.மீ.க்குக் காற்றில் மட்டுமே ஒரு மணி நேரம்.

ஓடுபாதை நீளமாக இருந்து ஜெட்டே வந்தாலும் 265 கி.மீ.யில் பெரிய லாபம் இல்லை. உச்ச வேகத்தைத் தொடும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம் பிடிப்பது அரிது.

சிறிய நிலையத்தில் கூட்டமே இல்லையே, தரையில் ஏன் தாமதம்?

பெரிய நிலையத்தில் வரிசையில் நிற்பதால் தாமதம். சிறிய நிலையத்தில் வேறு காரணம்: ஓடுபாதைக்கு இணையாக, விமானம் ஊர்ந்து போவதற்கான தனிப் பாதை (டாக்சிவே) இருக்காது. 1,800 மீட்டர் ஓடுபாதையின் நடுவில் ஒரே ஒரு இணைப்புப் பாதை இருக்கும். விமானம் அதன் வழியாக ஓடுபாதைக்குள் நுழைந்து, 900 மீட்டர் ஓடுபாதை மேலேயே ஊர்ந்து, முனையில் அரைவட்டம் அடித்துத் திரும்பி, பிறகுதான் கிளம்பும். இதற்குப் பெயர் பேக்டிராக். மூன்று நிமிடம் போய்விடும். அந்த மூன்று நிமிடமும் வேறு யாரும் அங்கே இறங்க முடியாது. மேலே வந்துகொண்டிருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

ராடார் இல்லாத நிலையம் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். முன்னால் போனவர் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதாகச் சொன்ன பிறகே அடுத்தவருக்கு அனுமதி. காத்திருப்பு வட்டம் ஒரு சுற்றுக்கு 4 நிமிடம்: திருப்பத்துக்கு ஒரு நிமிடம், நேர்ப்பகுதிக்கு ஒரு நிமிடம், மறுபடி அதே இரண்டும். மேகம் தாழ்ந்திருந்தால் நிலையத்தின் தலைக்கு மேல் வந்து, வெளியே போய், திரும்பி வந்து இறங்கும் முறையைக் கையாள வேண்டும். அதற்கு 6 முதல் 8 நிமிடம்.

ஒரு ஆறுதல்: சிறிய நிலையத்தில் பல இடங்களில் பின்னோக்கித் தள்ளும் வண்டியே தேவைப்படாது. ஏடிஆர் தானாகவே திரும்பி வெளியேறிவிடும். (அதில் துணை எஞ்சின் கிடையாது. நிற்கும்போது வலது எஞ்சினின் சுழலியைப் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள். ‘ஏன் ஒரு பக்கம் மட்டும் சத்தம்’ என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதுவே.)

காற்று எவ்வளவு நேரம் மாற்றும்?

நம் 290 கி.மீ.யில், கடைசி 4 நிமிடத்தை விட்டுவிட்டால், 41 நிமிடத்துக்குச் சராசரி வேகம் மணிக்கு 424 கி.மீ. மணிக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் அது 364 ஆகி, 48 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னால் தள்ளினால் 484, 36 நிமிடம். போகும்போது 7 நிமிடம் இழந்து வரும்போது 5 நிமிடம்தான் மீட்கிறோம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம் என்பதால் கணக்கு ஒருபோதும் சமமாகாது. பக்கக் காற்றும் இலவசம் அல்ல: மூக்கைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பறக்க வேண்டியிருப்பதால் முன்னேறும் வேகம் கொஞ்சம் குறையும்.

‘அ’விலிருந்து ‘ஆ’வுக்கு 55 நிமிடம், திரும்பி வர 1 மணி 5 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. அந்தப் பருவத்தின் வழக்கமான காற்று, இரு முனைகளின் ஓடுபாதைத் திசை, வழிப்பாதை எல்லாம் சேர்ந்த விளைவு.

கிளம்பியது 10:00, சேர்ந்தது 10:05. ஐந்தே நிமிடமா?

நேர வலய எல்லையைக் கடந்திருக்கிறீர்கள். அட்டவணையில் இரு முனைகளிலும் உள்ளூர் நேரத்தைத்தான் போடுவார்கள். வலய வித்தியாசம் எப்போதும் முழு மணியாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் கால் மணி நேரம்தான் வித்தியாசம். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் குழப்பம் தீரும்.

நேரடி விமானம் இல்லையென்றால்?

பெருவட்டத் தூரத்தை மறந்துவிடுங்கள். நடுவில் உள்ள பெரிய நிலையம் ‘அ’விலிருந்து 400 கி.மீ., ‘ஆ’விலிருந்து 350 கி.மீ. என்றால் உங்கள் பயணம் 750 கி.மீ. நேரம் 75 + 70 நிமிடம். இடையில் மாறுவதற்கு 90 நிமிடம். கிட்டத்தட்ட 4 மணி. அந்தத் தடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ சேவைதான் இருக்கும் என்பதால், இணைப்பைத் தவறவிட்டால் இரவு அங்கேயே தங்க வேண்டிவரும். இரண்டு துண்டுகளையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பது நல்லது. தனித்தனியாக எடுத்தால் முதல் விமானத்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

காரிலேயே போய்விட்டால் என்ன?

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்கிடுங்கள். நிலையத்துக்குப் போக 30 நிமிடம், முன்கூட்டியே வந்து காத்திருக்க 60, பறப்பு 55, பெட்டி எடுத்து வெளியே வர 20, அங்கிருந்து போக 30. மொத்தம் 3 மணி 15 நிமிடம். சாலைத் தூரம் சமதரையில் நேர்கோட்டைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு இருக்கும்: 345 கி.மீ., சராசரி 70 கி.மீ. வேகத்தில் ஐந்து மணிக்குச் சற்றே குறைவு. நேரடி விமானம் ஜெயிக்கிறது. மாறிப் போக வேண்டுமென்றால் விமானத்துக்கு 6 மணி 15 நிமிடம், கார் ஜெயிக்கிறது. நடுவில் மலைத்தொடரோ வளைகுடாவோ இருந்தால் 1.3 என்பது 2-ஐயும் தாண்டும். அப்போது கணக்கை மறுபடி போடுங்கள்.

விமானத்தைப் பின்தொடரும் செயலியில் ‘ஆ’வுக்கு 40 கி.மீ. முன்பே விமானம் மறைந்துவிட்டது. என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. விமானம் அனுப்பும் சமிக்ஞையைத் தரையில் உள்ள வாங்கிகள் நேர்ப்பார்வையில்தான் பிடிக்கும். 1,000 அடியில் பறக்கும் விமானத்தை, மறைப்பே இல்லாத சமதரையிலும் 70 கி.மீ.க்கு அப்பால் பிடிக்க முடியாது. இடையில் குன்று இருந்தால் இன்னும் குறையும். சிறிய நிலையத்தின் பக்கத்தில் வாங்கி இல்லாவிட்டால் விமானம் இறங்க இறங்க மறைந்துவிடும். அதன் பிறகு செயலி காட்டும் நேரம் ஊகம்தான்.

நான்கு இருக்கை விமானத்தில் நாமே பறப்பதாக இருந்தால்?

செஸ்னா 172 போன்றதற்கு மணிக்கு 215 கி.மீ. வையுங்கள். வழி நெளிவுக்கு ஐந்து சதவீதம் சேர்த்து 278 கி.மீ.; 78 நிமிடம். இறங்கும் சுற்றுக்கு 5 முதல் 7 நிமிடம். எஞ்சின் சோதனைக்கும் ஊர்வதற்கும் 10 நிமிடம். ஆக, ஒன்றரை மணிக்கு மேல்.

எரிபொருளை நேரத்தை வைத்துத்தான் போட வேண்டும், தூரத்தை வைத்து அல்ல. மணிக்கு 35 லிட்டர் என்றால்: தரையில் 5, பறக்க 85 நிமிடத்துக்கு 50, மாற்று நிலையத்துக்கு 20 நிமிடத்துக்கு 12, கடைசிக் கையிருப்பாக 45 நிமிடத்துக்கு 26. மொத்தம் 93 லிட்டர். எதிர்க்காற்று இருந்தால் இரண்டாவது எண்ணைத் திருத்துங்கள். கடைசி எண்ணில் கை வைக்காதீர்கள். வணிகப் பறப்புகளுக்கான ஐகாவோ விதிகளிலும் பிஸ்டன் எஞ்சினுக்கு இதே 45 நிமிடம், டர்பைனுக்கு 30 நிமிடம்.

கிளம்பும் முன் ‘நோட்டாம்’ (NOTAM) எனப்படும், பைலட்டுகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்புகளைப் படியுங்கள். சிறிய நிலையங்கள் பல, குறிப்பிட்ட மணி வரைதான் திறந்திருக்கும். சிலவற்றில் ஓடுபாதை விளக்கு இருக்காது. சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ‘இதற்கு மேல் கிளம்பக் கூடாது’ என்று ஒரு நேரத்தைக் காலையிலேயே எழுதி வையுங்கள்.

உலகிலேயே மிகக் குறுகிய அட்டவணைப் பயணம் எது?

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே இடையே, 2.7 கி.மீ. லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் எட்டு, ஒன்பது பேர் உட்காரும் ஐலண்டர் விமானத்தில் இயக்குகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று ஒத்துழைத்த ஒரு நாள் 53 நொடியில் போயிருக்கிறார்கள்.